பயணி தவறியிருந்தால் எண் இரண்டு

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

ஏலே, நான் உன்னைக் கொல்லல. கொன்னுட்டிய, கொன்னுட்டியன்னு போன்ல அந்தக் கத்து கத்துதியே, அது செத்தவன் கத்துற கத்தா? நீ கத்துனது போன் இல்லாமலே ஆலந்தலையில இருந்து இங்கன வரைக்கும் கேட்டிருக்கும். கத்திட்டுக் கட் பண்ணிட்ட. திரும்ப அடிச்சா மணியே போகமாட்டேங்கு. அப்பா உங்க நம்பரை பிளாக் பண்ணிட்டாருன்னு உன் மக மரியசெல்விதான் சொன்னா. அதான் கடுதாசி. கடுதாசியை பிளாக் பண்ண இன்னும் ஒருத்தனும் பட்டன் கண்டுபிடிக்கல.

சரி, மொறைப்படியே வாரேன். அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனர் பாஸ்கல் அவர்களுக்கு அத்தான் சிலுவை எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்துல இங்கன உங்கக்கா விக்டோரியா சொகமா இருக்கா, நான் பயந்துபோய் இருக்கேன். அங்கன நீயும் மகளும் மருமகனும் சொகமா இருக்கணும். அதுலயும் நீ கண்டிப்பா சொகமா இருக்கணும், ஏன்னு கீழ சொல்லுதேன். உங்கக்கா பையைத் தூக்கிட்டு வாசல்ல நிக்கா. உன்னைப் பாக்கத்தான் வாரா, இந்தக் கடுதாசியை அவ கையிலதான் குடுத்து விடப் போறேன். திருச்செந்தூர் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கா. அதோட நான் எழுத எழுத சத்தமா வாசிக்கணுமாம், தம்பியை மறுபடியும் கொல்லுதேனான்னு அவ கேக்கணுமாம்.

நடந்தது உனக்கே தெரியும், இருந்தாலும் முதல்ல இருந்து சொன்னாத்தான் என் மேல தப்பில்லைன்னு வெளங்கும். எங்க மகன் ஃபிராங்க்ளினோட பிள்ளைக்கு மால்டாவுல கோயில்ல புதுநன்மை விசேசம், தன் தாய்மாமன் வராம நடத்த மாட்டேன்னு அவன் சொன்னதுனாலதான் உனக்கும் சேத்து டிக்கெட் போட்டது. போட்டவன் டிராவல்ஸ் செல்லப்பாண்டி. இன்சூரன்சும் போட்டுருங்க அண்ணாச்சி, நிம்மதியாத் தூங்கலாம்னான். வேன் புடிச்சு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனா எல்லாக் கவுண்டர்லயும் சனம் நெரியுது, நம்ம கவுண்டர்ல மட்டும் ஒரு பேப்பரை ஒட்டிட்டுப் போயிட்டான், கம்பெனி முங்கிட்டுன்னு. நான் தோணி ஓட்டுன தண்டல்லே. எங்க ஓனர் கடனாளியாகி வீட்டை வித்த வருசம்கூட தோணி மாலத்தீவுக்குப் போயி சரக்கை எறக்கிட்டுத்தான் வந்துச்சு. இங்கன என்னடான்னா பிளேன் நல்லாருக்கு, காத்து நல்லாருக்கு, ஓட்டுறவன் நல்லாருக்கான், கம்பெனி மட்டும் செத்துட்டு. செல்லப்பாண்டிக்கு அடிச்சா, அவன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான் அண்ணாச்சி, இனி இன்சூரன்ஸ்தான் கதிங்கான். இன்சூரன்ஸ்ல எடுத்த பையன் தமிழைப் புதுசாப் படிச்சவன் போல, மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான் தம்பின்னு நான் சொன்னதும், ஓகே சார், அந்த மஞ்சக் கடுதாசியை ஸ்கேன் பண்ணி அனுப்புங்கங்கான். பொறவு அவனுக்கு மேல உள்ளவரு வந்தாரு. கம்பெனி மூடுனா பாலிசியில ஒண்ணுங் கெடயாது சார், பிளேன் லேட்டானா உண்டுங்காரு. அப்ப குடும்யா, பிளேன் இன்னும் வரலையேன்னேன். வந்தாத்தான் சார் எவ்வளவு லேட்டுன்னு கணக்குப் போட முடியும்ங்காரு. வரவே வராதேன்னேன். அப்ப அது லேட்டு இல்ல சார், ரத்து. சரி, ரத்துக்குக் குடுங்க. ரத்து பண்ணோம்னு கம்பெனி எழுதித் தரணும். கம்பெனிதான் இல்லையேய்யா. அதான் சார் பிரச்சினைங்காரு.

உங்கக்கா சொல்லுதா, கொன்ன கதைக்கு வாங்கன்னு. வாரேன், வாரேன்.

ரெண்டு நாளு கழிச்சு செல்லப்பாண்டி இன்சூரன்சுக்கு வேற நம்பர் குடுத்தான். அதுல மிசின் பேசுது. பயணப் பை தொலைந்திருந்தால் எண் ஒன்றை அழுத்தவும், பயணி தவறியிருந்தால் எண் இரண்டை அழுத்தவும். நீயே சொல்லு மாப்ள. நாம பயணி. பிளேனைத் தவற விட்டுட்டு நிக்கோம். நீன்னா எதைலே அமுக்குவ? நான் ரெண்டை அமுக்குனேன். ஐஸ்வர்யான்னு ஒரு பிள்ளை வந்தா. கோயிலுக்குள்ள பேசுத மாதிரி மெதுவாப் பேசுதா.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். யார் சார் தவறினது?"

"மூணு பேருந்தாம்மா."

"மூணு பேருமா? சார், அப்ப நீங்க?"

"நானுந்தான்."



"சார், முதல்ல ஒருத்தர் பேரைச் சொல்லுங்க."

பாலிசி பேப்பர்ல முதப் பேரு உன் பேரு. பாஸ்கல்னேன்.

"எங்க வச்சு சார் ஆச்சு?"

"ஏர்போர்ட்டுலதாம்மா. வார வழி பூரா நல்லாத்தான் வந்தான், நாகர்கோயில்ல எறங்கி வடையெல்லாம் தின்னான். கவுண்டரைப் பாத்ததும் அப்படியே பெட்டி மேல சாஞ்சுட்டான்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையா சார்?"

"கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டான். டீ வாங்கிக் குடுத்தேன், அதையும் தொடல."

"அப்புறம் ஊருக்கு எப்படி சார் கொண்டு வந்தீங்க?"

"வேன்லதான். பெட்டியோட."

"பெட்டி அங்கேயே கிடைச்சுதா சார்?"

"இல்லம்மா, இங்கன இருந்தே வாங்கிட்டுத்தான் போனோம். ஆளுக்கு ஒண்ணு."

அந்தப் பிள்ளை அழுதுட்டு. பிளேனைத் தவற விட்டதுக்கே இந்த அழுகை அழுதாளே, மத்த கம்பெனி மாதிரி இல்ல, நல்ல கம்பெனின்னு நானும் நெனச்சேன். டச் போன் வச்சிருக்கது நம்மள்ல நீ ஒருத்தன்தான்னு உன் நம்பரைத்தானே குடுத்திருந்தோம், மெசேஜ் உனக்கு வந்துட்டு. திரு. பாஸ்கல் அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல், தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. தன் சாவுக்குத் தன் போன்லயே இரங்கல் வாங்குன ஆளு இந்தக் கடக்கரையில வேற எவன் இருக்கான்? அதுக்கு நீ என்னைத் திட்டுத.

இனி பயத்துக்கு வாரேன். வெளையாட்டு இல்ல. வியாழக்கிழமை விசாரணைக்கு ஆபீசர் வாரான். நான் பேசுனது பூராவும் டேப்புல இருக்காம். பொய்க் க்ளெய்ம் போட்டா போலீஸ் கேசாம், பேப்பர்ல பொடி எழுத்துல இருக்குன்னு செல்லப்பாண்டி இப்பச் சொல்லுதான். நிம்மதியை மட்டும் பெரிய எழுத்துல போட்டிருந்தான், ஜெயிலை எறும்பு மாதிரி போட்டிருக்கான். ஒறக்கமே இல்ல மாப்ள. தெருவுல பைக் நின்னா வெளக்கை அணைச்சுருதேன். நேத்து கதவைத் தட்டுனான் ஒருத்தன். நான் குசினிக்குள்ள ஓடி அரிசி டிரம்முக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டு, சிலுவை ஊர்ல இல்லன்னு சத்தங் குடுத்தேன். அப்ப நீங்க யாரு அண்ணாச்சின்னு கேட்டான். நான் வேற சிலுவைன்னுட்டேன். சரி வேற சிலுவை, கரண்டு மீட்டரைப் பாத்துட்டுப் போயிருதேன்னு பாத்துட்டுப் போனான். நான் எந்திரிக்க ரொம்ப நேரமாச்சு. முட்டுக்கால் புடிச்சுக்கிட்டு, உங்கக்காதான் தூக்கிவிட்டா.

அதனால நீ புதன்கிழமையே இங்கன வந்துரணும். சும்மா வந்து, இந்தா உயிரோட இருக்கேன்னு நின்னா அவன் ஒத்துக்க மாட்டானாம். ஆதார் காட்டுனாலும் ஒத்துக்க மாட்டானாம், செத்தவன் ஆதாரும் அப்படியேதான இருக்கும்ங்கானாம். இசிஜி வேணுமாம். நெஞ்சுல ஒயரை ஒட்டி எடுப்பாங்கல்லா, அது. அந்தப் பேப்பர்ல கோடு மேலயும் கீழயும் போயிருந்தா நீ இருக்க. நேராப் போயிருந்தாத்தான் க்ளெய்ம். ரத்தமும் குடுக்கணுமாம், வெறும் வயித்துல வரணுமாம். இந்தக் காலத்துல உயிரோட இருக்கதுக்கு எவ்வளவு வேலை பாரு. நீ வரலைன்னா என் கையில வெலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போவான், பாளையங்கோட்டை ஜெயில்ல களி தின்ன என் பல்லு தாங்காது.

இன்னொண்ணும் சொல்லுதேன், கோவப்படாதே. அன்னைக்கு அந்தப் பிள்ளைகிட்ட நான் சொன்னதுல எதுவுமே பொய் இல்ல மாப்ள. நீ பெட்டி மேல உக்காந்த உக்காரல் அப்படித்தான் இருந்துச்சு. சட்டைப் பொத்தானைப் புடிச்சுக்கிட்டே இருந்த, ஒதடு நீலம் பாரிச்சிருந்துச்சு, நெத்தியில தண்ணி. சங்கு குளிச்சவன்லா, பழக்கதோசத்துல மூச்சை அடக்குதான்னு மொதல்ல நெனச்சேன். ஆனா தண்ணிக்குள்ள போறவன் மூச்சை இழுத்துட்டுத்தான போவான், நீ இழுக்கவே இல்ல. என்னலே தாய்மாமா, சீர் செலவு மிச்சமாயிட்டுன்னு சந்தோசமான்னு கேட்டேன். நீ சிரிக்கல. நான் கேலி பண்ணி நீ மொறைச்சிருக்க, வெறட்டியிருக்க, தொடப்பக்கட்டையைத் தூக்கிட்டு வந்திருக்க. சும்மா இருந்ததே இல்ல. வேன்ல வரும்போது நீ ஒறங்கிட்டன்னு உங்கக்கா சொன்னா. நான் ஊரு வார வரைக்கும் உன் சட்டைப் பையையே பாத்துக்கிட்டு வந்தேன், ஏறி எறங்குதா ஏறி எறங்குதான்னு. மறுநா வாயுன்னு சொல்லிட்டு ஆலந்தலைக்கு பஸ் ஏறிட்ட.

இதை வாசிக்கும்போது உங்கக்கா பையை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துதா.

சரி, அது கெடக்கட்டும், நம்ம பிரச்சினை ஆபீசர். அவன் கேட்டா நீ அத்தான் நல்லவருன்னு சொல்லணும். சிரிக்காமச் சொல்லணும், அதான் உனக்குக் கஷ்டம். முடிக்கேன். பனிமய மாதா உனக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும், அதுலயும் உனக்குக் குடுக்க வேண்டியதை வியாழக்கிழமைக்கு முன்னாடியே குடுக்கட்டும். மரியசெல்விக்கு என் ஆசீர்வாதம். அவ மாமியாருக்கு நான் விசாரிச்சதாச் சொல்லு, ரொம்ப விசாரிக்க வேண்டாம். பொறவு முக்கியமான விசயம், அதை இன்னும் எழுதவே இல்ல, என்னன்னா மாப்ள, நீ இங்கன வந்ததும் நான் எங்க கூட்டிட்டுப் போனாலும் ஏன் எதுக்குன்னு கேக்காம

ஏளா நில்லு. படி எறங்கிட்டா. நில்லுளா, இன்னும் ஒரு வரிதான். கடுதாசி இல்லாமலே போறா பாரு, முக்கு வரைக்கும் போயிட்டா, நான்

பின்குறிப்பு:

தம்பி, அக்கா எழுதுதேன். பஸ்ல உக்காந்து எழுதுதேன், ஆத்தூர் பாலத்துல வண்டி மெதுவாப் போகுது. உங்கத்தான் செருப்புகூட போடாம ஓடி வந்து கடுதாசியை பஸ் ஜன்னல் வழியாக் குடுத்துட்டுப் போனாரு.

ஆபீசர்ங்கது பொய். வியாழக்கிழமை ஒருத்தனும் வரப்போறதில்ல. அந்தப் பிள்ளை ஐஸ்வர்யா மறுநாளே கூப்பிட்டா, விசயம் தெரிஞ்சு சிரிச்சா, உன் சாவைக் கேன்சல் பண்ணிட்டா. அந்த மெசேஜும் உனக்கு வந்திருக்கும், கோவத்துல நீ பாத்திருக்க மாட்ட. இசிஜி கேட்டது கம்பெனி இல்ல, இவருதான். வியாழக்கிழமைக்கு இருதய டாக்டர்கிட்ட உன் பேருக்கு டோக்கன் போட்டு வச்சிருக்காரு. டாக்டர்னு சொன்னா நீ வரமாட்டேன்னு ஆபீசர்னு எழுதிட்டாரு. குசினிக்குள்ள ஒளிஞ்சது நிஜம். ஆனா போலீசுக்குப் பயந்து இல்ல. யாரு கதவைத் தட்டுனாலும் ஆலந்தலையில இருந்து சேதி கொண்டாந்துட்டான்னு நெனைக்காரு.

அந்தப் பிள்ளை போனை வைக்கும்போது இன்னொண்ணு சொன்னா. அன்னைக்கு அவருக்கு நெஞ்சு வலி வந்துச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா க்ளெய்ம் கெடைக்கும் சார், மூணு பேருக்கும் கெடைக்கும்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். வராத பிளேனுக்கு லேட்டுக் காசு கேட்டுச் சண்டை போட்ட மனுசன், அவனுக்கு ஒரு வலியும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கான், நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு. அதுக்குப் பொறவு போனை வைக்கத் தெரியாம கையிலயே வச்சுக்கிட்டு நின்னாரு.

நீ இதைப் படிக்கும்போது நான் உன் முன்னாலதான் நிப்பேன். அந்த மனுசனுக்குப் பதில் எழுதாண்டாம். நாளைக்கு என்கூட பஸ் ஏறு, நேர்ல வந்து திட்டு.