காதை இழுத்தது நான்தான்

மரியாதைக்குரிய பத்திரிகை ஆசிரியர் டுவைன் ஃபிப்ஸ் அவர்களுக்கு, பெசி நோவோட்னி எழுதுவது. நீங்களும் உங்கள் தாயாரும் நலமாயிருக்க வேண்டும். 1979இல் அவள் இரவல் வாங்கிப் போன என் கண்ணாடித் தட்டும் நலம்தான் என்று நம்புகிறேன்.

விஷயம் என் பேரன் ஆல்வின். வியாழக்கிழமை கல்லூரி நிர்வாகக் குழு கூடி அவனை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வேலையிலிருந்து நீக்கப் போகிறதாம். "மூளை இருக்கிறவன் பந்தை உதைத்திருப்பான்" என்று நீங்கள் முதல் பக்கத்தில் போட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். உதைக்கத்தான் ஐயா அவன் சொன்னான்! சின்ன வயதில் தேவாலயத்தில் அவன் நெளியும்போது நான் பாடகர் வரிசையில் நின்றபடி மூக்கைத் தொட்டால் அசையாதே, காதை இழுத்தால் வெளியே ஓடு என்று அர்த்தம். அதையே தன் ஆட்டக்காரர்களுக்கும் பழக்கிவிட்டான்: மூக்கு என்றால் பந்தை உதை, காது என்றால் தூக்கிக்கொண்டு ஓடு. சனிக்கிழமை ஆட்டத்தில் நாலாவது, அதாவது கடைசி முயற்சி, கோட்டைத் தாண்ட ஒரே ஒரு கெஜம் பாக்கி, கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஜெயம். அவன் மூக்கைத் தொட்டான். அவனுக்கு நேர் பின்னால், அவன் போட்டிருந்த அதே மாதிரி சிவப்புத் தொப்பியோடு மடக்கு நாற்காலியில் நான். அந்த நேரம் பார்த்து என் காதுக் கருவி கொதிக்கிற கெண்டி மாதிரிக் கூவியது, காதை இழுத்தேன். கோடி என்கிற அந்தத் தடியன் பந்தோடு ஓடி, கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்தான், ஆட்டம் போச்சு.

"ஏன்டா ஓடின?"

"காத இழுத்தாங்களே கோச்!"

"யாரு, நானா?"

"உங்க பாட்டி. அவங்க இழுத்ததுதான் பளிச்சுனு தெரிஞ்சுது."

ஆல்வின் திரும்பி என்னைப் பார்த்தான். நான் மேகத்தைப் பார்த்தேன். உங்கள் நிருபரிடம் அவன், "முடிவு என்னுது சார், வேற யாருக்கும் சம்பந்தமில்ல" என்றான். காரில் ஏறியதும், "பாட்டி, நீங்க வாயத் திறக்கவே கூடாது" என்றான். நான் வாயை மூடி இந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்?

1996இல் இதே மைதானத்தில் அவன் ஆடிய கடைசி ஆட்டத்திலும் இதே நாலாவது முயற்சி, இதே ஒரு கெஜம். "குடுங்க கோச், நான் ஓடுறேன்" என்று கெஞ்சினான். அன்றைய பயிற்சியாளர் உதைக்கச் சொன்னார், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பிறகு முழங்கால் போய், மூன்று ஊர்களில் உதவிப் பயிற்சியாளனாக அலைந்து, போன வருஷம்தான் ஊர் திரும்பினான். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குற்றம் காதுக் கருவியுடையது என்று புதன்கிழமையே அச்சடியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. உங்கள் தாயாரையும், தட்டு வந்து சேர்ந்ததும்.

இப்படிக்கு,
பெசி நோவோட்னி

பி.கு. இதை மட்டும் அச்சடிக்க வேண்டாம். காதுக் கருவி ஈஸ்டரிலிருந்து என் பொத்தான் டப்பாவில் கிடக்கிறது. ஒரு கெஜம் பாக்கி இருக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் உதைப்பதில்லை.