விசில் ஊதி எடுத்த சராசரி

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த என் தங்கைக்கு, உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். அங்கு நீயும், உன் வயிற்றில் போட்ட தையலும், மாப்பிள்ளையும் நலமாயிருக்க விழைகிறேன். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். ஆகவே இதைச் சிரிக்காமல் படிக்கவும்.

நீ லீவில் போனதும், விளையாட்டு வாத்தியார் சும்மாதானே நிற்கிறார் என்று உன் வேதியியல் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். "இந்தச் சோதனையை ஒழுங்கா செய்யலைன்னா உங்க தங்கச்சி வகுப்பை வெளியாள்கிட்ட கொடுத்துடுவேன், மாஸ்டர்" என்று தலைமையாசிரியை வேறு சொல்லிவிட்டார். போனில் நீ சொன்னதை மனப்பாடம் செய்தேன்: அமிலத்தில் காரத்தை ஊற்று, சூட்டை அள, மூன்று தரம் செய். அதற்கு மேலும் ஏதோ சொன்னாய். அதற்குள் மைதானத்தில் ஒருவன் விழுந்துவிட்டான், ஓடிவிட்டேன்.

மூணு தரம்னா எனக்குத் தெரிஞ்சது நீளம் தாண்டுறதுதான். மூணு வாய்ப்பு, எது அதிகமோ அதுதான் கணக்கு. பிள்ளைங்ககிட்ட அப்படியே சொல்லித் தொலைச்சேன். அவ்வளவுதான், ஒரு குழு தர்மாமீட்டரை உள்ளங்கையில பொத்திச் சூடேத்துது, ஒரு குழு வெயில்ல நீட்டுது, கடைசி மேசைக்காரங்க "அம்பத்திரண்டு!"ன்னு கத்துறாங்க, நானும் விசில் அடிச்சு அவங்கதான் முதலிடம்னு அறிவிச்சுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க அளந்தது என் டீயை. (நான் அதைக் குடிக்கலை, பயப்படாதே.) நீ 'வக்கீல்'னு கூப்பிடுவியே, அந்தப் பொண்ணு எழுந்து, "சார், இது போட்டியில்ல சார். மூணையும் கூட்டி மூணால வகுக்கணும், சராசரி!"ன்னா. அதேநேரம் வாசல்ல ஒரு குரல்: "என்ன மாஸ்டர், யாரு ஜெயிச்சது?" தலைமையாசிரியை!

உன் வகுப்பு கைவிட்டுப் போச்சுன்னே நினைச்சேன். அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முதல்லேருந்து செய்ங்க"ன்னுட்டாங்க. செஞ்சோம். எல்லாக் குழுவும் முப்பத்தாறு, முப்பத்தேழுன்னு நல்லபடியா வந்துது, கடைசி மேசையைத் தவிர. அவங்களுக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தொண்ணு. "கூட்டி வகுத்தா முப்பத்தி நாலே முக்காலுக்குக் கிட்ட இறங்கிடும் சார்"னு வக்கீல் கவலைப்படுறா. விசாரிச்சா, மூணாவது தடவை காரத்தை ஊத்தவே மறந்துட்டு அளந்திருக்காங்க! எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்துதோ, விசிலை எடுத்து ஊதி, "ஃபவுல்! கோட்டை மிதிச்சுத் தாண்டினா அளக்க மாட்டோம். திரும்பத் தாண்டு!"ன்னேன். திரும்பச் செஞ்சாங்க, முப்பத்தாறரை. சராசரியும் முப்பத்தாறரை. வகுப்பே கைதட்டுச்சு.

தலைமையாசிரியை சிரிச்சுட்டாங்க. "தப்பு எங்கேன்னு தெரிஞ்சா மட்டும்தான் ஃபவுல், மாஸ்டர். பிடிக்காத நம்பருக்கெல்லாம் விசில் ஊதிடாதீங்க"ன்னாங்க. உன் வகுப்பு உனக்கேதான். முப்பத்தாறரையை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஆய்வுக்கூடச் சுவரில் மாட்டியாகிவிட்டது. வேதியியல் இனி அண்ணன் கைக்கு அடக்கம். நீ ஒரு மாதம் நிம்மதியாகப் படுத்து எழுந்து வா.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உடம்பும் மனசும் ஒன்றுபோல் தேற வாழ்த்தும்,
உன் அண்ணன்.

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் வக்கீல் வந்து நிற்கிறாள். தர்மாமீட்டர்களை ஐஸ் தண்ணியில வெச்சுப் பார்த்தாளாம், அத்தனையும் பூச்சியத்துக்குப் பதிலா நாலு காட்டுதாம். "பொய் சொல்றவனை மூணு தரம் கேட்டா, சராசரியா பொய்தானே சார் வரும்?"ங்கிறா. அட்டையைக் கழட்டிட்டேன். மாசமாவது ஒண்ணாவது, தையலைப் பிடிச்சுக்கிட்டாவது திங்கட்கிழமையே வந்துடு, தாயே!