பன்னிரண்டு கறுப்பு ஜாக்கெட்டுகள்

இருபத்தொரு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போகத் தொடங்கியது. முதலில் தெரியாமல் போனது, ஒரு ஜாக்கெட் யாருடையது என்பது.

அப்போது நான் டென்மார்க்கில், ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தேன். வார இறுதியில் ரயிலேறி எங்கள் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்துவிடுவேன். எங்கள் சனம் டேனிஷில் வேலை செய்து, டேனிஷில் பிள்ளைகளிடம் பேச்சு வாங்கி, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லண்டனில் இருக்கிற மருமக்களுக்கு டேனிஷும் தெரியாது, தமிழும் வராது. ஆகவே சனிக்கிழமைகளில் நூலக அறையொன்றில் பன்னிரண்டு பெரியவர்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதாக அம்மா ஏற்பாடு செய்துவிட்டார். (என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் துள்ளிக்கொண்டு சம்மதித்திருப்பேன்.)

அதில் ஒருவர் யோகராசா மாமா. அவருடைய மகள் லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டப்போகிறாள். சம்பந்திக்கு முன்னால் இரண்டு வசனம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே ஆறு கிழமையாக வந்தார். "திஸ் இஸ் மை டோட்டர். நௌ ஷி இஸ் யுவர் டோட்டர்." இன்னொருவர் பவளம் அக்கா, முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. ஆறு கிழமையில் அவரிடமிருந்து ஒரு முழு வசனம் வெளியே வரவில்லை. கேட்டால் சிரிப்பார். இது தேறாது என்று மனதுக்குள் எழுதி மூடிவிட்டேன்.

கடைசி வகுப்பு. பாடம்: என்னுடைய, உன்னுடைய, அவனுடைய, அவளுடைய. புத்தகத்தை மூடிவிட்டுப் பொருளைத் தொட்டுப் பேசவைக்க வேண்டும் என்ற புதுமுறை ஒன்று என் தலைக்கு ஏறியிருந்தது.

"எல்லாரும் ஜாக்கெட்டைக் கழட்டி மேசையில போடுங்கோ!" என்றேன். போட்டார்கள். இரண்டு கையாலும் கிண்டிக் கலைத்தேன்.

கலைத்த பிறகுதான் பார்த்தேன். பன்னிரண்டும் ஒரே ஜாக்கெட். மலிவு விற்பனைக்கு டேனிஷில் தில்பூட் என்று பெயர். எங்களில் ஒருவர் ஒரு தில்பூட்டைக் கண்டால் மற்ற எல்லோருக்கும் போன் எடுக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரே கடை, ஒரே கறுப்பு, உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டுமென்று ஒரே எக்ஸ்எல்.

நான் அசரவில்லை. எல்லாரும் கைக்கு வந்ததைத் தூக்கி "ஹிஸ் ஜாக்கெட்", "ஹேர் ஜாக்கெட்" என்றார்கள். நானும் "வெரி குட்!" என்றேன். (இலக்கணம் சரி. ஜாக்கெட்தான் பிழை.) இரண்டு மணிக்கு, பின்னேர ஷிப்டுக்குப் போகிற மூன்று பேர் ஆளுக்கொரு ஜாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள்.

யோகராசா மாமா ஒன்றை மாட்டி, உள் பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது இருமல் இனிப்பு.

"பிள்ளை, என்ர பாஸ்போட் எங்க?"

ஐந்து மணிக்கு பிலுண்ட் விமான நிலையத்திலிருந்து லண்டனுக்கு விமானம். மனைவி முன்னமே போய்விட்டார். விடிந்தால் கலியாணம். எஞ்சியிருந்த ஒன்பது ஜாக்கெட்டையும் உதறினோம். பாஸ்போட் இல்லை. போன மூவரில் ஒருவர் இறைச்சித் தொழிற்சாலை, ஒருவர் பேக்கரி, ஒருவர் ஆஸ்பத்திரிச் சமையலறை. போன்கள் எல்லாம் லாக்கருக்குள் அடித்து ஓய்ந்தன. மூன்றும் மூன்று திசை. ஓரிடத்துக்குப் போகத்தான் நேரம் இருந்தது.

மாமா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கதிரையில் இருந்தபடி, "கையைப் பிடிச்சுக் குடுக்க நான் இல்லாட்டி அவள்..." என்று பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

"கொஞ்சம் தள்ளுங்கோ" என்றார் பவளம் அக்கா.

ஒரு ஜாக்கெட்டை எடுத்தார். கழுத்துப்பட்டியைத் தடவி, கைநுனியைத் திருப்பிப் பார்த்தார். வகுப்பிலிருந்த ராணி அக்காவைக் காட்டி, "திஸ் இஸ் ஹேர் ஜாக்கெட்" என்றார். அடுத்தது. "திஸ் இஸ் யுவர் ஜாக்கெட், அண்ணை. கழுத்தில திருநீறு." அடுத்தது, அடுத்தது. முழு வசனம், பிழையில்லாத வசனம்! ஒவ்வொருவரும் போட்டுப் பார்த்து, பைக்குள் தங்கள் சாவியைக் கண்டு தலையாட்டினார்கள். கடைசியாக ஒன்று மிஞ்சியது.

"திஸ் இஸ் ஹிஸ் ஜாக்கெட். குணம் அண்ணையின்ர. வலத் தோளில பை கொழுவுறவர், அந்தத் தோள் மட்டும் மினுங்குது பாருங்கோ. தன்ரய விட்டிட்டு மாமாவின்ரயைத்தான் கொண்டு போயிருக்கிறார். இறைச்சிப் பக்டரிக்கு ஓடுங்கோ!"

"எப்பிடி அக்கா?" என்று வாயைப் பிளந்தேன்.

"எங்கட இல்லத்தில முப்பத்தாறு பேரின்ர உடுப்பு, பிள்ளை. பேர் ஒட்டின துண்டு சுடுதண்ணியில கழண்டுபோம். மாறிக் குடுத்தால் அதுகள் அழுங்கள். பாதிப் பேருக்குத் தங்கட பேரே ஞாபகமில்லை, சட்டையை மட்டும் தெரியும்."

அதைக் கேட்டபோது வந்த பிரமிப்பு இன்றுவரை எந்தப் பேராசிரியரிடமும் எனக்கு வந்ததில்லை.

அப்பாவின் காரில் பறந்தோம். குணம் அண்ணை வெள்ளைத் தொப்பியோடு வந்து லாக்கரைத் திறந்தார். பாஸ்போட் அங்கேதான் இருந்தது! மாமா கடைசி ஆளாக விமானம் ஏறினார்.

மறுநாள் மேடையில் மைக்கைப் பிடித்து இரண்டு வசனத்தையும் அழகாகச் சொன்னாராம். பிறகு பதற்றத்தில் கை தானாகக் கோட்டின் உள் பையைத் தொட, "திஸ் இஸ் மை ஜாக்கெட்" என்று முடித்தாராம். அது தமிழ்ச் சடங்கு என்று நினைத்த வெள்ளைக்காரச் சம்பந்தி பயபக்தியோடு எழுந்து, தன் கோட்டைக் கழற்றி நீட்டினாராம். மாமாவும் வேறு வழியில்லாமல் தன்னுடையதைக் கொடுத்தாராம்.

இப்போது ஹொல்ஸ்டெப்ரோவில் தாலி கட்டி முடிந்ததும் சம்பந்திகள் கோட்டு மாற்றாத கலியாணம் இல்லை. பவளம் அக்கா மேடையேறி, இரண்டையும் தடவிப் பார்த்து, எது யாருடையது என்று ஆங்கிலத்தில் அறிவித்தால்தான் சபை கைதட்டும். நான் ஓகூஸில் பதினைந்து வருடமாக ஆங்கில ஆசிரியை. ஆனாலும் அந்த மேடையில் எனக்குக் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை மட்டும்தான். அதுவும் ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று. இரண்டையும் சேர்த்துத் தரமாட்டார்கள்.