மதுரைப் பெட்டிக்குக் குளிர் தாங்காது

கம்ப்யூட்டருக்குக் குளிரும் என்று நான் நம்பினேன். குறிப்பாக, மதுரையில் வாங்கிய கம்ப்யூட்டருக்குக் கொடைக்கானல் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று மனதார நம்பினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே ஒரு சுற்றுச் சிரித்துவிடுங்கள். அடுத்த சுற்றுக்கும் விஷயம் இருக்கிறது.

என் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். நான் ஏரிக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவன். மதுரைக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, பல் தந்தியடிக்க என் கடைக்குள் ஓடி வருவதைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன். குரங்குக் குல்லாயை மாட்டிவிட்ட பிறகுதான் பாதிப் பேருக்குப் பேச்சே வரும். என்னைப் பொறுத்தவரை உலகத்து நோய்களில் பாதிக்குக் காரணம் குளிர். மீதிப் பாதிக்குக் காரணம் போதாத கம்பளி. (வியாபார புத்திதான். ஆனால் வியாபாரம் ஓடுகிறதே.)

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. டிவி நிகழ்ச்சிகளைத் தானாகவே பதிவு செய்துகொள்ளும் கம்ப்யூட்டர் ஒன்றை என் கையாலேயே செய்துவிடுவது என்று கிளம்பினேன். ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் லினக்ஸ் இருந்தது. கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள், முழுக்க இலவசம். (அந்த ‘இலவசம்’ என்ற இடத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.) மதுரைக்குப் போய்ப் பெட்டி, போர்டு, டிவி கார்டு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, கடைசியில் மூன்று ஸ்க்ரூ மிச்சம் வரும்படி வெற்றிகரமாக மாட்டி முடித்தேன். கேபிள் ஒயர் பெட்டிக்குள் போகும். பெட்டியிலிருந்து படம் டிவிக்கு வரும்.

“நேரா டிவிக்கே வந்துக்கிட்டிருந்த ஒயரை எதுக்குங்க இப்பிடி ஊரைச் சுத்த விடுறீங்க?” என்றாள் என் மனைவி பரமேஸ்வரி.

“அதுக்குப் பேருதான் டெக்னாலஜி” என்றேன். அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்திலேயே குடும்பம் நடத்தினேன்.

இந்த நேரத்தில்தான் கூக்கால் கிராமத்திலிருந்து என் மாமனார் போன் செய்தார். அவர் மலைப்பூண்டு போடுகிறவர். டிவியில் விவசாய நிகழ்ச்சி எடுக்கிறவர்கள் அவர் தோட்டத்துக்கு வந்து, அவரைப் பூண்டும் கையுமாக நிற்கவைத்துப் படம் பிடித்துப் போயிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பு. கூக்காலிலிருந்து டிவியில் வரப்போகிற முதல் முகம் அவருடையதுதான்.

“நம்மூருல ஞாயித்துக்கெழமைன்னா கரண்டு கண்டிசனா இருக்காது மாப்ள. நாங்க அங்க வந்து பாத்துக்குறோம். ஆனா ஊரு சனம் பூராம் பாக்கணும்னு நிக்கிது. என்ன செய்யிறது?”

பெட்டி செய்த திமிர் என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. “கவலையே படாதீங்க மாமா. நான் ரெக்கார்ட் பண்ணி சிடியா குடுத்திர்றேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை ‘சட்டை விக்கிற மாப்ள’ என்றுதான் ஊருக்கு அறிமுகம் செய்துவந்தார். அன்று முதல் முறையாகக் குரலில் ஒரு மரியாதை தெரிந்தது. “அப்ப அதுக்கடுத்த வெள்ளிக்கெழமை கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திரை கட்டச் சொல்லிர்றேன். வத்தலக்குண்டுல இருந்து படம் போடுற மிசினுக்கும் ஆள் அனுப்பிர்றேன்” என்றார்.

போனை வைத்தபோது நான் ஒரு அடி உயர்ந்திருந்தேன். மறுநாள் காலையில் பெட்டி படுத்துவிட்டது.

படுத்துவிட்டது என்றால் ஒரேயடியாக அல்ல. ஓடியது, ஆனால் பெருமாள் மலை ஏற்றத்தில் லோடு லாரி ஓடுகிற மாதிரி ஓடியது. மவுஸை நகர்த்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் அம்புக்குறி அப்போதுதான் புறப்பட்டிருக்கும். சோதனைக்கு ஒரு சீரியலைப் பதிவு செய்து பார்த்தேன். கதாநாயகியின் கண்ணீர் கன்னத்தில் பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் அழுகைச் சத்தம் முதலில் வந்தது, வாய் பிறகு திறந்தது. மாமியார் அறைந்தாள்; அறை விழுந்து வெகு நேரம் கழித்து ‘பளார்’ என்றது.

அணைத்துப் போட்டால் ஐந்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு பழையபடி இருமல். ‘கிளப்பியதும் சூடு இருக்கிறது, அப்புறம் குளிர் ஏறிவிடுகிறது’ என்று நான் நோயைக் கண்டுபிடித்தேன். அந்த மார்கழியில் வீட்டில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஜீப்பை நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பியது. நானே ஒன்பது மணிக்கு முன்னால் கிளம்புவதில்லை. மதுரையில் பிறந்த பெட்டி மட்டும் என்ன செய்யும், பாவம்?

பிரவுசிங் சென்டருக்குப் போய், லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் பக்கம் ஒன்றில் என் துயரத்தை எழுதினேன். கடல் கடந்து யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார். ‘நண்பரே, என் ஊரில் இப்போது பனிக்கட்டிதான் விழுகிறது. என் கம்ப்யூட்டர் ஜன்னலோரம்தான் இருக்கிறது. குளிர் அதற்கு நல்லது.’ நான் அவரைப் பரிதாபமாக நினைத்துக்கொண்டேன். அவருடைய பெட்டி அங்கேயே பிறந்து வளர்ந்தது. பழகியிருக்கும்.

வெள்ளியும் சனியும் நான் கடையைச் சரியாகத் திறக்கவில்லை. அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கடையில் விலை போகாமல் கிடந்த ராட்சச சைஸ் மெரூன் ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக்கு மாட்டினேன். கச்சிதமாக இருந்தது. தொங்கிய இரண்டு கைகளையும் பின்பக்கம் கட்டிவிட்டேன். மேலே ஒரு கம்பளியும் போர்த்தினேன்.

பரமேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள். “நான் பிரசவமாகிக் கெடந்தப்ப எனக்கு ஒரு போர்வை எடுத்துக் குடுக்க ஆளில்ல” என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே ஜீப் வந்து நின்றது. மாமனார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இறங்கினார். (தன்னைத் தானே பார்ப்பதற்கு இவ்வளவு அலங்காரம் செய்து வந்த மனிதரை நான் வேறு பார்த்ததில்லை.) பின்னால் அத்தை, அவர்களுக்குப் பின்னால் என் மச்சான் முருகேசன். முருகேசனுக்கு என்னைக் கிண்டல் செய்வது ஒரு வேலை; பூண்டு விவசாயம் அதற்குப் பிறகுதான்.

மாமனார் கூடத்துக்குள் வந்ததும் பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இது யாரு மாப்ள?”

“இதுதான் மாமா, ரெக்கார்ட் பண்ற கம்ப்யூட்டர்.”

“கையை எதுக்குக் கட்டி வச்சிருக்கீங்க? எதும் களவு பண்ணுச்சா?”

“குளிருக்கு மாமா.”

“மச்சான், ராத்திரி சுக்குத்தண்ணி குடுத்தீங்களா?” என்றான் முருகேசன்.

“ஏலே, சும்மா கெட. அவருக்குத் தெரியாதா?” என்றார் மாமனார். நான் குனிந்து கம்பளியை இன்னொரு தடவை இழுத்துவிட்டேன்.

எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். இசை வந்தது. பச்சை வயல் வந்தது. ஒரு பெண் வந்து வணக்கம் சொன்னாள். உதடு அசைந்து முடித்த பிறகு வணக்கம் கேட்டது. அடுத்து ஒரு கை தெரிந்தது. கையில் பூண்டு.

“அது என் கைதான்” என்றார் மாமனார்.

கேமரா மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. முழங்கை வரை வந்தது. அங்கேயே நின்றது. அத்தை கும்பிட்ட கையை இறக்கவில்லை. முழங்கை அசையவில்லை. கூடத்தில் கம்பளி கருகுகிற வாசம் லேசாக வந்தது. பிறகு பெட்டிக்குள் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். திரை கறுத்துப்போனது.

“ஏங்க, ஒயரைப் பிடுங்கி டிவியில சொருகுங்க. பாக்கவாச்சும் பாக்கட்டும்” என்றாள் பரமேஸ்வரி.

எனக்கு அப்போது கிறுக்கு உச்சத்தில் இருந்தது. “பொறு, ரெக்கார்ட் ஆகணும். வெறைச்சுப் போச்சு, அவ்வளவுதான். அந்த ரூம் ஹீட்டரை எடு.”

“ஹீட்டரா?”

“வெரசா எடும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். ஹீட்டரைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். “எந்திரிங்கப்பா. டெய்சி டீச்சர் வீட்டுக்குப் போவோம்.”

என் குடும்பம் முழுவதும் என்னைக் கடந்து ஓடியது. இஸ்திரிச் சட்டை ஓடியது. அத்தை ஒரு செருப்போடு ஓடினாள். பக்கத்து வீட்டு வாசலில் டெய்சி டீச்சர் குரல் கேட்டது: “கமான், கமான், உள்ள வாங்க. உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், குளோசப்ல காட்றாங்க.”

நான் மட்டும் பெட்டியோடு இருந்தேன். தரையில் முட்டி போட்டு, அதற்கு இன்னொரு கம்பளி போர்த்தி, எதிரில் ஹீட்டரை வைத்து, பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அது உயிர் பெறும், மறுபடி க்ளிக். உயிர் பெறும், க்ளிக். சுவருக்கு அந்தப் பக்கம் மாமனாரின் குரல் இரண்டு தடவை கேட்டது. ஒன்று டிவியில் பேசுகிற குரல். மற்றது, அந்தக் குரல் சொல்வதையெல்லாம் டெய்சி டீச்சருக்கு விளக்குகிற குரல். பிறகு கைதட்டல்.

திரும்பி வந்தவர்கள் முகத்தில் ஒளி வீசியது. மாமனார் என் பக்கத்தில் உட்கார்ந்து, “பாத்தீங்களா மாப்ள?” என்றார். நான் இல்லை என்றேன். “சரி, சிடியில பாத்துக்கலாம்” என்றார்.

நான் ஹீட்டரின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன். முருகேசன்தான் பதில் சொன்னான். “அப்பா, சிடி இருக்கு. உங்க முழங்கை வரைக்கும் இருக்கு.”

மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “திரை கட்டச் சொல்லிட்டேனே” என்று மட்டும் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூக்கால் போனேன். கோயிலுக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டியிருந்தது. ஊர் மொத்தமும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. படம் போடுகிற மிஷின் வந்திருந்தது, படம்தான் இல்லை. மாமனார் எழுந்தார். திரைக்கு முன்னால் போய், மிஷினின் வெளிச்சத்தில் நின்றார். அதே வெள்ளைச் சட்டை. கையில் ஒரு கட்டுப் பூண்டு.

“மாப்ள, இங்கிட்டு வாங்க” என்றார். “அந்தப் பொம்பளப் பிள்ள கேட்ட கேள்வியெல்லாம் நீங்க கேளுங்க.”

“எனக்குத் தெரியாதே மாமா, நான் பாக்கலையே.”

“அதான் எங்களுக்குத் தெரியுமே” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஊர் முழுக்கச் சிரித்தது.

முருகேசன் கேள்விகளை என் காதில் ஓதினான். டார்ச் லைட்டை மைக்காகப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன். மாமனார் கேமராவே இல்லாத திசையைப் பார்த்துப் பதில் சொன்னார். டிவியில் நாலைந்து நிமிடம் வந்ததாகச் சொல்கிறார்கள். அன்று அரை மணி நேரம் ஓடியது. ஊருக்கு அது பிடித்துப்போய், அதன் பிறகு ஒவ்வொரு வருஷக் கொடையிலும் பூண்டுப் பேட்டி உண்டு. டிவி அம்மாவாக நடிப்பது இன்றுவரை நான்தான். போன வருடம் பேட்டி ஒன்றேகால் மணி நேரம் போனது. புதிதாக உரம் பற்றி ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்.

பேட்டி முடிந்ததும் மாமனார் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி, என் பக்கம் நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்காகவே பாதிப் பேர் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

“இப்பச் சொல்லுங்க மாப்ள. அந்தப் பெட்டிக்கு என்னதான் சீக்கு?”

வருடா வருடம் நான் சொல்கிற பதில் இதுதான். பெட்டிக்கு ஒரு சீக்கும் இல்லை. முதல் வாரத்துக் கொண்டாட்டத்தில் நான் கண்டதையும் பதிவு செய்திருந்தேன். எனக்குப் புரியாத மொழிச் செய்திகள், குக்கர் விளம்பரம் உள்பட. அத்தனையையும் சிடியில் அடங்கும் அளவுக்குச் சுருக்கி வை என்று அதற்குக் கட்டளையும் போட்டுவிட்டு மறந்துபோனேன். அது அந்தச் சோலியைத்தான் மூச்சு முட்டப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு தடவை அணைத்துப் போட்டபோதும் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. ஸ்வெட்டர் போட்டபோது வெக்கை தாங்காமல் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. நான் தொடாமல் விட்டிருந்தால் சனிக்கிழமை மத்தியானமே வேலையை முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குச் சும்மா காத்திருந்திருக்கும்.