சனிக்கிழமை காட்டிய சனி

ஒரு செவ்வாய்க்கிழமை நான் மாபெரும் முடிவு ஒன்றை எடுத்தேன். இனிமேல் தினமும் மாலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை நான் இந்த வீட்டுக்குச் சொந்தமில்லை. பிரபஞ்சத்துக்குச் சொந்தம்.

பிரபஞ்சத்தின் மேல் எனக்குத் திடீர்க் காதல் எதுவும் வந்துவிடவில்லை. எங்கள் வீட்டில் ஏழிலிருந்து எட்டுதான் பாத்திரம் துலக்கும் நேரம். துலக்குவது நான். துலக்கியதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது இன்னொரு தடவை" என்று திருப்பிக் கொடுப்பது என் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். மாத்திரைகளைப் பார்த்துப் பார்த்துத் தேறிய கண். அதிலிருந்து ஒரு டம்ளர்கூடத் தப்பாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் ஊரார் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிற பிழைப்பு. லென்ஸ் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே டெலஸ்கோப் வாங்குகிறேன் என்று நான் சொன்னால் யாரும் சந்தேகப்பட முடியாது என்று கணக்குப் போட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் விளம்பரத் தாள்களைப் பரப்பினேன்.

"என்னங்க இது, பீரங்கியா?"

"டெலஸ்கோப். நம்ம பின்கட்டுல வச்சு வானத்தை ஆராயப் போறேன்."

"வானம் என்ன தப்புப் பண்ணிச்சு?"

நான் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்திப் பதினெட்டு வருஷம் ஆகிறது. "இதைப் பாரு, அறுநூறு மடங்கு பெரிசாக் காட்டுமாம்" என்றேன்.

"அப்படிப் போட்டிருந்தா அதை வாங்காதீங்க. எல்லா வியாதியும் தீரும்னு டப்பாவுல எழுதியிருக்கிற மருந்து மாதிரி அது. முன்கண்ணாடி எத்தனை அகலம்னு பாருங்க. அகலமா இருந்தாத்தானே வெளிச்சம் நிறைய உள்ள வரும்?"

இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். "அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "இது கம்ப்யூட்டர் வச்சது. நாம தேட வேண்டாம். பட்டனை அமுக்கினா நாப்பதாயிரம் பொருள்ல எது வேணுமோ அதைத் தானே தேடிக்கிட்டுத் திரும்பும்."

"உங்க இன்னொரு சாக்ஸைத் தேடுமா?"

"வானத்துல இருக்கிறதை மட்டும்தான்."

"எதை முதல்ல பாக்கப் போறீங்க?"

"சனியை. அதைச் சுத்தி வளையம் இருக்கு. அவ்வளவு அழகு."

"எல்லாரும் சனி விட்டாப் போதும்னு இருக்காங்க. நீங்க கடைக்குப் போய்க் கம்ப்யூட்டர் வாங்கித் தேடிப் பிடிக்கிறீங்க" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

டெலஸ்கோப் வந்தது. மூன்று கால், ஒரு பெரிய குழாய், கையில் பிடித்துக்கொள்ள டெலிபோன் மாதிரி ஒரு பட்டன் பெட்டி. கூடவே எழுபது பக்கத்தில் ஒரு புத்தகம். நான் புத்தகத்தைத் தொடவில்லை. லென்ஸ் தொழிலில் இருபது வருஷம் இருந்தவனுக்குப் புத்தகம் எதற்கு? தவிர, அதில் எழுத்து பொடி. எனக்குப் படிக்கிற கண்ணாடி தேவைப்பட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவன் தானே ஒன்றை மாட்டிக்கொண்டால் தோற்றுப்போன மாதிரி இருக்காதோ? அதனால் மாட்டவில்லை. என் மனைவி புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளையே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறவள். படிக்கட்டும், வாய்க்கு ஓய்வு என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் பத்தாம் தேதி, மாலை ஏழு மணி. பின்கட்டில் குழாயை நிறுத்தினேன். பெட்டி தேதி கேட்டது. பத்து, ஐந்து என்று தட்டினேன். ஊர் கேட்டது. சொன்னேன். பிரகாசமான இரண்டு நட்சத்திரங்களைக் காட்டச் சொன்னது. காட்டினேன். ‘சனி’ என்று அமுக்கினேன். டெலஸ்கோப் உர்ர்ர் என்று உறுமிக்கொண்டு கிழக்கே திரும்பி, பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றது.

மறுபடி அமுக்கினேன். மறுபடியும் தொட்டி. அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை அமுக்கினேன். அந்தத் தொட்டியின் மூடியில் எத்தனை விரிசல் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

ஆனால் எனக்கென்ன கவலை? சனி தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? என் திட்டம் சனி அல்லவே, சாய்வு நாற்காலி அல்லவா!

உள்ளே கேட்கும்படி அறிவித்தேன்: "ஆராய்ச்சி பண்றவன் கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும். நடுவுல யாரும் விளக்குப் போடக்கூடாது, கூப்பிடக்கூடாது. கூப்பிட்டா மறுபடியும் முதல்லேருந்து அரை மணி!"

"சரிங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பின்னாலேயே பாத்திரங்கள் உருளும் சத்தமும் வந்தது. அவள் துலக்குகிறாள்! நான் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டேன். இதைவிட இனிமையான சத்தத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை. சந்தோஷத்தில் தனியாகச் சிரித்துக்கூட வைத்தேன்.

எட்டு மணிக்கு உள்ளே போனதும் கேட்டாள். "சனி தெரிஞ்சுதா?"

"அடேயப்பா! வளையம் தகதகன்னு..."

"என்ன கலர்?"

"பழுப்பும் மஞ்சளும். நடுவுல ஒரு மெல்லிசான கறுப்புக் கோடு." எல்லாம் டெலஸ்கோப் வந்த அட்டைப்பெட்டியில் இருந்த படம்தான்.

இப்படியே ஒன்பது நாள் போயிற்று. ஒன்பது நாளும் ராஜா நான்தான். தினமும் ஒரு புது விவரம் சேர்த்துச் சொன்னேன். ஒரு நாள் சனி கொஞ்சம் சிவந்திருந்தது என்றேன். இன்னொரு நாள் லேசாக ஆடியது என்றேன். அவளும் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு புதன்கிழமை, தட்டில் சோறு போட்டபடியே குண்டு போட்டாள்.

"சனிக்கிழமை அண்ணனும் அண்ணியும் வர்றாங்க. சனியைப் பாக்கணுமாம்."

எனக்குப் புரையேறியது.

"ஒன்பது நாளா நீங்க மட்டும் பாக்குறீங்க. அவங்களுக்குப் பத்து நிமிஷம் காட்டக்கூடாதா?"

என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், சாதாரண ஆள் இல்லை. என் கல்யாணத்தன்று நான் மோதிரத்தைத் தொலைத்ததை இன்றைக்கும் எல்லா வீட்டு விசேஷத்திலும் சொல்லிக்கொண்டிருப்பவர். அவர் முன்னால் தொட்டியைக் காட்டினால், என் ஏழு மணியும் போகும், என் மானமும் போகும்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு லிஃப்ட் சாரைப் பிடித்தேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். உண்மையான பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

"சார், சனிக்கிழமை ஏழு மணிக்கு உங்க மாடி விளக்கைப் போட்டுத் தொட்டி மேல வெளிச்சம் விழுற மாதிரி வைக்கணும்."

"எதுக்கு?"

சொன்னேன். என் மூளை தொழிலறிந்த மூளை. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி வெட்டினேன். கறுப்புப் பின்னணியில் வளையத்தோடு சனி அச்சிட்ட, வெளிச்சம் ஊடுருவுகிற குட்டி ஃபிலிம் ஒன்றை அதன்மேல் ஒட்டினேன். கண் வைத்துப் பார்க்கும் குழலுக்குள் அதைப் பொருத்திவிட்டால், வெளியிலிருந்து வெளிச்சம் வந்தால் போதும். டெலஸ்கோப் எந்தப் பக்கம் பார்த்தாலும் உள்ளே சனி ஜொலிக்கும். இருபது வருஷத்தில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை அது. வாடிக்கையாளருக்குக்கூட இவ்வளவு சுத்தமாக ஒட்டியதில்லை.

லிஃப்ட் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், நீங்க எங்கேயோ மேல போயிட்டீங்க" என்றார். நான் பாராட்டு என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. மச்சான் வந்தார், அவர் மனைவி வந்தார். லிஃப்ட் சார் தம் மாடியில் நின்றார். நான் பட்டனை அமுக்கினேன். டெலஸ்கோப் உறுமிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பியது.

"மாப்பிள்ளை, இது தண்ணித் தொட்டியை இல்ல பாக்குது?"

"சனி அதுக்குப் பின்னால இருக்கு, மச்சான்."

"அப்ப தொட்டி மறைக்காதா?"

"கம்ப்யூட்டர் அதைக் கழிச்சுடும்."

"அட! கம்ப்யூட்டர் ஆச்சே" என்று ஒத்துக்கொண்டு கண்ணை வைத்தார். வைத்தவர் "ஆஹா!" என்று கத்தினார். அவர் மனைவி பார்த்து, "வளையம்! வளையம்!" என்று என் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மோதிரக் கதை இன்றோடு ஒழிந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மாடி விளக்கு அணைந்தது.

"மாப்பிள்ளை, சனியைக் காணோம்!"

"கிரகணம்! கிரகணம்!" என்று நான் அலறினேன். "லிஃப்ட் சார், கிரகணம் விடட்டும்!"

"சுவிட்ச் லூஸு சார்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. கிரகணம் விட்டது. மச்சான் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். ஆனந்தக் கண்ணீர் என்று எனக்கும் கண் கலங்கியது.

கடைசியாக என் மனைவி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அழகா இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

விருந்தாளிகள் கிளம்பியதும் சமையலறைக்குப் போனேன். அவள் அந்த எழுபது பக்கப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, ஒட்டுறதுக்கு என்ன பசை போட்டீங்க?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மெஷினுக்கு மாசம்தான் முதல்ல, தேதி அப்புறம். முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கு. நீங்க பத்து, அஞ்சுன்னு போட்டீங்க. அது அக்டோபர் அஞ்சுன்னு எடுத்துக்கிச்சு. அக்டோபர்ல ஏழு மணிக்குச் சனி எங்க இருக்குமோ அங்கதான் பாவம் அது திரும்புது. இப்ப மே மாசம். சனி சாயங்காலம் வானத்துலயே கிடையாது. விடியக்காலை நாலு மணிக்குத்தான் வரும்."

"உனக்கு எப்படி..."

"நான் தினமும் நாலரைக்கு எழுந்து பாக்கறேன். தேதி தப்பா எழுதினா எங்க வேலையில ஆளே போயிடுவான்ங்க. முதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன். அப்புறம் நீங்க காட்டின ரெண்டு நட்சத்திரத்துல ஒண்ணு செல்போன் டவர்."

"அப்ப மெஷின்ல தேதி? நான் போட்டது அப்படியேதானே இருந்தது?"

"நான் பாத்து முடிச்சதும் உங்க தேதியை மறுபடியும் போட்டு வச்சுடுவேன். நீங்க மனசு வருத்தப்படுவீங்களேன்னு."

இருபது வருஷம் மற்றவர்கள் கண்ணைச் சோதித்தவன் நான். என் கண் முன்னாலேயே இவ்வளவு நடந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

"உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. என் மானமே போயிடும். என்ன வேணும்னாலும் கேளு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசிப்பது போல இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"விடியக்காலை எழுந்திரிக்கிறதால சாயங்காலம் எனக்கு அசதியா இருக்கு. ஏழுலேருந்து எட்டு வரைக்கும் நான் அந்தச் சாய்வு நாற்காலியில படுத்துக்கறேன். பாத்திரம் நீங்க. துணி இஸ்திரியும் நீங்க. ஞாயித்துக்கிழமை ஜன்னல் துடைக்கிறதும் நீங்கதான். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை போகாது."

"சத்தியமா?"

"சத்தியமா இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

நான் நன்றி சொன்னேன். ஆமாம், கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னேன்.

அடுத்த ஒரு மாதம் நான் துலக்கிய துலக்கலில் பாத்திரங்கள் தேய்ந்து மெலிந்தன. சட்டைகள் அட்டை மாதிரி நின்றன. ஜன்னல் இருப்பது தெரியாமல் ஒரு காக்கை வந்து மோதியது. போகட்டும், மானம் நிலைத்தது என்று தேற்றிக்கொண்டேன். மச்சானிடமிருந்து எந்தக் கேலியும் வரவில்லையே, அது ஒன்று போதாதா?

நேற்று மச்சான் கடைக்கு வந்தார். படிக்கிற கண்ணாடி வேண்டுமாம். ஃபிரேமை மாட்டிவிட்டு, கொஞ்சம் பெருமையாகவே கேட்டேன். "என்ன மச்சான், அன்னிக்குப் பாத்த சனி இன்னும் கண்ணுலயே நிக்குதா?"

"எது மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை பாத்ததா, சனிக்கிழமை பாத்ததா?"

"வெள்ளிக்கிழமை எங்க பாத்தீங்க?"

"உங்க பின்கட்டுலதான். விடியக்காலை நாங்க ரெண்டு பேரும் வந்தோம், லிஃப்ட் சார் டீ போட்டு எடுத்துட்டு வந்தாரு, நிஜச் சனியைப் பாத்தோம். உங்களையும் எழுப்பலாம்னேன், ‘அவரு தூங்கட்டும் அண்ணா, நாளைக்கு அவருக்கு ஷோ இருக்கு’ன்னு தங்கச்சிதான் தடுத்துட்டா."