முப்பது கோல், பன்னிரண்டு முழம்

கணக்கு வாத்தியார் பதிவேட்டில் அந்த வரியை மூன்றாம் முறையாகப் படித்தார். ‘கிழக்கு வாசலிலிருந்து நேரே முப்பது கோல். அங்கிருந்து வலப்பக்கம் பன்னிரண்டு முழம்.’

அங்கேதான் அப்பா இருந்தார்.

கல்லறைத் தோட்டத்தின் பழைய பகுதியில் பெயர்க் கல் கிடையாது, புல் மட்டும்தான். அடக்கத்துக்கு வந்ததோடு சரி, இருபத்தெட்டு வருஷமாக வாத்தியார் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் போனில் தங்கையிடம், “வருஷம் தவறாம போயிட்டு வரேம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தங்கை இன்று காலை ரயிலில் வந்து இறங்கி, “நானும் வரேண்ணா, இடத்தைக் காட்டு” என்று நின்றுவிட்டாள்.

“கையெழுத்துப் போட இவ்ளோ நேரமாண்ணா?” ஆபீசுக்கு வெளியே பூக்கொத்தோடு காத்திருந்தவள் கேட்டாள்.

“எப்பவும் இப்படித்தாம்மா இழுத்தடிப்பாங்க.”

முழம் ஒன்றரை அடி. நாலு முழம் ஒரு கோல், ஆறடி. முப்பது கோல் என்றால் ஐம்பத்தைந்து மீட்டர். அவர் நடையில் எழுபத்துமூன்று எட்டு. மனசுக்குள் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

“என்னண்ணா முணுமுணுக்குற?”

“பிரார்த்தனைம்மா. அறுபத்திரண்டு, அறுபத்துமூணு...”

வலப்பக்கம் திரும்பி ஏழு எட்டுகள் வைத்து மண்டியிட்டார். தன்னை சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன அப்பா நினைவுக்கு வந்தார். கண்ணீர் நிஜமாகவே வந்தது. தோள் குலுங்க அழுதார்.

“நீங்க யாருங்க?” பின்னால் ஒரு பெண் தண்ணீர்ப் பாத்திரத்தோடு நின்றாள். “இது எங்க மாமியார்.”

வாத்தியார் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரர்கூட அவங்களுக்காக இவ்வளவு அழலைங்க” என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் மரியாதையோடு.

தங்கையை அங்கேயே நிறுத்திவிட்டு ஆபீசுக்கு ஓடினார். குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நீங்க சாதா முழத்துல போட்டிருப்பீங்க சார். அந்தக் காலத்துல குழி வெட்டினவர் முன்ன தச்சு வேலை பாத்தவரு. எல்லாம் தச்சு முழம். முப்பத்துமூணு அங்குலம்.”

அப்படியானால் கோல் பதினோரு அடி. நூறு மீட்டர்! முப்பது வருஷம் கணக்கு நடத்தியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“இடத்தை மாத்திட்டாங்களாண்ணா?” திரும்பி வந்தவரிடம் தங்கை கேட்டாள்.

“புதுசா பாதை போட்டாங்கல்ல, அதுல குழம்பிட்டேன்.”

மறுபடி வாசலிலிருந்து நூற்று முப்பத்துநாலு எட்டு. வலப்பக்கம் பதிமூன்று. அந்தப் பதிமூன்றாவது எட்டு ஒரு மோட்டார் ரூமின் வாசலில் போய் முடிந்தது. உள்ளே மோட்டார் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தங்கை அங்கேயே பயபக்தியோடு செருப்பைக் கழற்றினாள்.

“அப்பா இதுக்குள்ளயாண்ணா?”

“இல்லம்மா... பின்னால.”

பின்னால் காய்ந்த மாலைகளும் சருகும் ஆளுயரம் குவிந்து கிடந்தன. வாத்தியார் குப்பையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார்; அடுத்த பொய் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்குத் தெரியலம்மா. அடக்கத்துக்கு அப்புறம் நான் ஒரு தடவைகூட வந்ததில்ல. வருஷா வருஷம் வரணும்னு நெனப்பேன். அப்புறம், இத்தனை வருஷம் வராதவன் எந்த முகத்தோட வர்றதுன்னு நின்னுடுவேன். உன்கிட்ட உண்மையைச் சொல்லவும் வெட்கமா இருந்துச்சு.”

தங்கை பூக்கொத்தைக் கை மாற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

கூடை நிறையச் சருகு கொண்டுவந்த தோட்டக்காரர் அவளைப் பார்த்ததும் நின்றார்.

“என்னம்மா, வருஷா வருஷம் வந்ததும் விறுவிறுன்னு அந்த வேலியோரம் போயிடுவீங்க. இந்தத் தடவை ஏன் இங்க வந்து உக்காந்திருக்கீங்க?”