ஸ்பேர் அண்ணனின் இரண்டாவது கேமரா

கெடா மாநிலத்தில் இதுவரை நடந்த கல்யாணப் பேச்சுவார்த்தைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும், ஸ்பேர் அண்ணன் தன் இரண்டாவது கேமராவுக்காக நடத்திய பேச்சில் பாதிகூட வராது. ஆறு வருடம் பேசினார். ஆறு வருடமும் அதைக் கேட்டது நான் ஒருவன்தான். இந்தக் கட்டுரையில் கொஞ்சம் அலுப்பு தட்டினால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வார நாட்களில் எனக்குச் சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடியோ. நான் வீடியோ எடுக்கும் கல்யாணங்களில் எல்லாம் படம் எடுப்பவர் புக்கிட் செலம்பாவ் ஊர்க்காரரான ஸ்பேர் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். மனிதர் எதையும் இரண்டாக வைத்திருப்பார். இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு கைக்குட்டை, மோட்டார் சைக்கிள் கூடையில் இன்னொரு ஜோடி செருப்பு. இரண்டாவது இல்லாத ஒரே பொருள் கேமரா. காரணம், அதைத் தேர்ந்தெடுக்க அவரால் முடியவில்லை.

"பெரிய சென்சார் இருக்கிற ஃபுல் ஃப்ரேம்தான் தம்பி வேணும். சின்ன சென்சார்னா ஓரத்துல நிக்கிற மாமா பாதிதான் வருவாரு. அப்புறம் அந்த மாமா சும்மா இருப்பாரா?"

"சரி அண்ணே, ஒண்ணு வாங்கிடுங்க லா."

"எதை வாங்குறது? பேக்கப்பு மெயினைவிட நல்லா இருக்கக் கூடாது. இருந்தா அப்புறம் எது மெயினு? மோசமாவும் இருக்கக் கூடாது. அவசரத்துக்குக் கையில எடுத்தா பட்டன் எல்லாம் அதே இடத்துல இருக்கணும். தாலி கட்டுற நேரத்துல போய்த் தடவிக்கிட்டா நிப்பாங்க?"

ஆக, அதே மாடல்தான் வேண்டும். அதுவோ கடையில் வருவது நின்று போயிருந்தது. பழையதாகத் தேடினோம். அலோர் ஸ்டாரில் ஒன்று இருந்தது. விற்பவர் சிகரெட் பிடிக்கிறார் என்று அண்ணன் வேண்டாம் என்றார். பினாங்கில் ஒன்று, பார்க்கக் கண்ணாடி போல இருந்தது. இவ்வளவு சுத்தமாக இருந்தால் எதையோ மறைக்கிறான் என்றார். சுங்கை லாலாங்கில் ஒரு நல்ல மனிதர், தொழிலை விட்டுவிட்டுத் தன் கேமராவைக் கொடுக்க முன்வந்தார். அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, ஒரு டம்ளர் தே தாரே டீ குடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்ன அண்ணே குறை?"

"கேமராவுல குறை இல்ல. மனசு ஒடஞ்சு விக்கிறாரு தம்பி. அதை வச்சுக்கிட்டு நான் எப்படிக் கல்யாணம் எடுக்குறது?"

திரும்பும் வழியில் எனக்கு மோட்டார் சைக்கிளைக் கால்வாயில் விட்டுவிடலாமா என்று இருந்தது.

இவ்வளவுக்கும் பின்னால் ஒரு வலி உண்டு. முன்பு சிடாம் கிரியில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் அந்த நொடியில் அண்ணனின் ஒரே கேமரா செத்துப் போனது. படமே இல்லை. அந்தப் பெண் கோபிக்கவில்லை, "பரவால்ல அண்ணே" என்று சொல்லிவிட்டாள். "திட்டியிருந்தா மறந்திருப்பேன்" என்பார் அண்ணன். இன்னொரு தாலிப் படத்தைத் தவறவிட்டால் இந்தத் தொழிலே வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

ஒருவழியாக என் தங்கை கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் இரட்டைப் பிள்ளை கிடைத்தது. அதே மாடல், அதே கறுப்பு. இரண்டையும் ஒரே பையில், ஒரே பெட்டியில், ஒன்றுபோல வளர்த்தார்.

அந்தக் கல்யாணத்தில் என் அம்மா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பக்கவாதம் வந்த பிறகு என் அப்பா இரண்டு வருடமாகச் சிரித்ததில்லை. எந்தப் படத்திலும் சுவரைப் பார்த்தபடிதான் இருப்பார். "தாலி கட்டுறப்ப அவரு முகமும் சேர்ந்து வர்ற மாதிரி ஒரு படம் போதும் தம்பி. கல்யாணத்துல அவரும் இருந்தாருன்னு தெரியணும்." அண்ணன் இரண்டு கேமராவையும் தொட்டுக் காட்டி, "ஒண்ணு போனா ஒண்ணு இருக்குக்கா" என்றார்.

இரண்டும் போயின.

அண்ணனின் பழைய காரில் ஏர்கான் என்றைக்குமே வேலை செய்ததில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு மரியாதையாக வர வேண்டும் என்று மைத்துனரின் புதுக் காரைக் கேட்டு வாங்கி, ஜில்லென்று ஓட்டி வந்திருந்தார். வழியில் நெரிசல் வேறு. இறங்கியவர் நேராக மண்டபத்துக்குள் ஓடி வந்தார். ஓமப்புகையும் நானூறு பேரின் வியர்வையும் நிறைந்த மண்டபம். கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. அண்ணன் முதல் கேமராவைத் தூக்கினார். காரில் குளிர்ந்திருந்த லென்ஸ் முழுக்க அந்தச் சூட்டில் ஆவி. துடைத்தார், மறுபடி ஆவி. இரண்டாவதைத் தூக்கினார். ஒன்றாக வளர்ந்த பிள்ளை அல்லவா, அதுவும் அப்படியே.

"சாமி! நிறுத்துங்க!"

மேளம் நின்றது. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தது பிடித்தபடி நின்றார். அட்சதையை ஓங்கிய நானூறு கைகளும் அப்படியே நின்றன.

"நல்ல நேரம் போகுதுப்பா" என்றார் குருக்கள்.

"ரெண்டே நிமிஷம் சாமி. இந்தப் படம் இல்லாம நான் வீட்டுக்குப் போக மாட்டேன்!"

மணப்பெண் அறைக்குள் பாய்ந்தவர், மேக்கப் போடும் அக்காவின் ஹேர் டிரையரோடு வந்தார். மைக் செட்டின் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் டிரையரைச் சொருகினார். மணமேடைக்கு முன்னால் மண்டியிட்டு, மடியில் இரண்டு கேமராவையும் கிடத்தி, குளித்து வந்த குழந்தைகளுக்குத் தலை காய வைப்பதைப் போல மாற்றி மாற்றிக் காற்று காட்டினார். அவர் முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"கை வலிக்குது அண்ணே" என்றார் மாப்பிள்ளை.

"பொறுங்க லா, ஒருத்தனுக்குக் கண்ணு தெறந்திருச்சு!"

அப்போது சக்கர நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் பயந்துபோய்த் திரும்பினேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதைப் பார்த்துத் தங்கை சிரித்தாள். அண்ணன் ஹேர் டிரையரைக் கீழே போட்டுவிட்டு, "கட்டுங்க!" என்று கத்தியபடி கேமராவைத் தூக்கினார்.

அந்தப் படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. ஓரமெல்லாம் வெள்ளைப் புகைபோல லென்ஸ் ஆவி. நடுவில் தாலி, தங்கை, அப்பா. அண்ணன் வரும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "அதை மாத்திடுங்கக்கா, பார்க்கவே வெக்கமா இருக்கு" என்று அம்மாவிடம் கெஞ்சுவார். அம்மா காதில் போட்டுக்கொள்வதில்லை. அப்பா மட்டும் அவரைக் கண்டதும் இடது கையால் ஹேர் டிரையர் பிடிப்பதுபோல் காட்டி, திரும்பவும் சிரிக்கத் தொடங்கிவிடுவார்.

அண்ணன் இப்போது மூன்றாவது கேமரா பார்க்கிறார். இரண்டுக்கும் ஒத்துவராத குணம் உள்ள ஃபுல் ஃப்ரேமாக இருக்க வேண்டுமாம். நான் வேலை முடிந்து களைத்து உட்காரும் நேரம் பார்த்துச் சரியாக அழைப்பார். போன மாதம் திடீரென்று அழைப்பே இல்லை. நாலு நாள் நிம்மதியாக இருந்தேன். ஐந்தாம் நாள் தாங்காமல் நானே கூப்பிட்டு, "அண்ணே, மூணாவது என்ன ஆச்சு? முதல்லேருந்து சொல்லுங்க" என்றேன்.